தெரிந்த பை, தெரியாத பை: நிச்சயமின்மை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் ஊர் நூலகத்தில் பத்துப் பதினைந்து பேரை உட்காரவைத்து, இரண்டு மஞ்சப்பையும் கொஞ்சம் கேரம் காய்களும் கொண்டு ஒரு விளையாட்டு காட்டுவேன். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. "நிச்சயமின்மைன்னா ரிஸ்க்தானே சார்? ரெண்டுக்கும் எதுக்கு ரெண்டு பேரு?"

பேச்சில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் தாயக்கட்டையை உருட்டுவதையும், அடுத்த தேர்தலில் யார் வெல்வார் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கட்டையில் எது விழும் என்று தெரியாது, ஆனால் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போடலாம். தேர்தலில் அந்த வாய்ப்பே நம் ஊகம்தான். 1921-ல் அமெரிக்கப் பொருளியலாளர் ஃபிராங்க் நைட் முதல் வகையை ரிஸ்க் என்றும், இரண்டாவதை நிச்சயமின்மை என்றும் பிரித்தார். அதே ஆண்டு இங்கிலாந்தில் பொருளியலாளர் கெய்ன்ஸும் இதை ஒட்டி எழுதினார். வாய்ப்பு எவ்வளவு என்பது ஒன்று, அதைச் சொல்ல நம் கையில் எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்பது வேறொன்று என்பது அவர் கருத்து.

2. "அந்தப் பை விளையாட்டை இன்னொரு தடவை சொல்லுங்க, நான் லேட்டா வந்தேன்."

முதல் பையில் 10 கேரம் காய்கள்: 5 கறுப்பு, 5 வெள்ளை. உங்கள் கண் முன்னாலேயே எண்ணிப் போடுவேன். இரண்டாவது பையிலும் 10 காய்கள்தான். ஆனால் எத்தனை கறுப்பு, எத்தனை வெள்ளை என்று சொல்லமாட்டேன். ஒரு நிறத்தைச் சொல்லிவிட்டு, ஏதாவது ஒரு பையில் கைவிட்டுப் பார்க்காமல் ஒரு காயை எடுக்க வேண்டும். சொன்ன நிறம் வந்தால் ஒரு கடலை மிட்டாய் பாக்கெட். எந்தப் பை வேண்டும்? பெரும்பாலானோர் முதல் பைக்குத்தான் கை நீட்டுவார்கள்.

இதன் அசல் வடிவம் அமெரிக்கப் பொருளியலாளர் டேனியல் எல்ஸ்பர்க் 1961-ல் வெளியிட்ட கட்டுரையில் வந்தது. அதில் கேரம் காய்க்குப் பதில் 100 பந்துகள். வியட்நாம் போர் பற்றிய ரகசிய ஆவணங்களை 1971-ல் பத்திரிகைகளுக்குக் கொடுத்த அதே எல்ஸ்பர்க்தான் (2023-ல் காலமானார்). அந்தச் சம்பவத்தால் அவரை அறிந்தவர்கள் பலருக்கு இந்தப் பந்து விஷயம் தெரியாது.

நீங்களும் வீட்டில் செய்வதானால் ஒரு எச்சரிக்கை. ஒரு கேரம் செட்டில் கறுப்பு 9, வெள்ளை 9, சிவப்பு 1. முதன்முறை நான் ஒரே செட்டை வைத்து, முதல் பையில் நாலும் நாலும் போட்டு, மிச்சத்தை மற்றப் பையில் போட்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "அப்ப அதுல அஞ்சும் அஞ்சும் சார்" என்று சொல்லிவிட்டாள். ஒரே வரியில் தெரியாத பை தெரிந்த பையாகிவிட்டது. அதிலிருந்து இரண்டு செட் எடுத்துக்கொண்டு போகிறேன்.

3. "தெரியாத பையில ஏதோ உள்குத்து இருக்கும்னுதான் வேணாங்கிறோம். இதுல என்ன ஆராய்ச்சி?"

நியாயமான சந்தேகம். ஆனால் நிறத்தைச் சொல்வது நீங்கள். நான் பை நிறைய வெள்ளை போட்டு வைத்து நீங்கள் வெள்ளை என்று சொன்னால், நஷ்டம் எனக்கு. அப்படியும் திருப்தி இல்லையென்றால் ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டுங்கள்: தலை விழுந்தால் கறுப்பு, பூ விழுந்தால் வெள்ளை. உள்ளே காய்கள் எப்படிக் கலந்திருந்தாலும் உங்கள் வாய்ப்பு இப்போது சரிபாதி, அதாவது முதல் பைக்குச் சமம். எல்ஸ்பர்க்கின் கட்டுரை வந்த அதே 1961-ல் ஹோவர்ட் ரைஃபா சொன்ன பதில் இது.

இதை விளக்கி முடித்த பிறகும் "சரி சார், புரியுது. இருந்தாலும் முதல் பையே இருக்கட்டும்" என்பவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் முழுக்க அந்த "இருந்தாலும்" பற்றியதுதான்.

4. "ஆக, தெரியாததுன்னா மனுஷனுக்குப் பயம். அவ்வளவுதானே விஷயம்?"

ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தார்கள். 1991-ல் சிப் ஹீத், ஏமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் அதை மாற்றிக் காட்டினார்கள். அரசியலில் ஊறியவர்கள், ஆனால் அமெரிக்கக் கால்பந்தில் ஒன்றும் தெரியாதவர்கள் என்று சிலரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் முன் மூன்று பந்தயங்கள்: தங்கள் அரசியல் கணிப்பு, தங்கள் கால்பந்துக் கணிப்பு, வாய்ப்பு எவ்வளவு என்று தெரிந்த ஒரு குலுக்கல். வெற்றி வாய்ப்பு மூன்றிலும் ஒன்றே என்று அவர்களே மதிப்பிட்டவை. அவர்கள் முதலில் எடுத்தது அரசியல், அடுத்தது குலுக்கல், கடைசியில் கால்பந்து.

கவனியுங்கள், அரசியல் கணிப்பில் வாய்ப்பு எவ்வளவு என்று யாரும் எண்ணிப் போடவில்லை. அதுவும் ஒரு தெரியாத பைதான். ஆனாலும் எண்ணிப் போட்ட பையை விட்டுவிட்டு அதை எடுக்கிறார்கள். நம்மூர் கிரிக்கெட் பைத்தியங்களிடம் கேட்டுப் பாருங்கள், காசில்லாமல்தான்: மேட்ச் முடிவா, கேரம் காயா? யாரும் காயைத் தொடமாட்டார்கள்.

இதற்கு ஹீத்தும் ட்வெர்ஸ்கியும் சொன்ன காரணம் எனக்குப் பிடிக்கும். தெரிந்த துறையில் ஜெயித்தால் பெருமை நமக்கு, தோற்றால் "யாருமே எதிர்பார்க்கலப்பா". தெரியாத துறையில் ஜெயித்தால் குருட்டு அதிர்ஷ்டம், தோற்றால் "தெரியாத விஷயத்துல ஏன் தலையிட்ட?" பணம் இரண்டிலும் ஒன்றுதான். பேச்சு வாங்குவதுதான் வேறு.

5. "நீங்க அடிக்கடி 'ஊற்று'ங்கிறீங்களே, அது என்ன?"

ஒரே இடத்திலிருந்து பிறக்கும் தெரியாமைகளை ஒரு தொகுதியாக வைத்தால் அது ஒரு ஊற்று. முதல் பை ஒரு ஊற்று, இரண்டாவது பை இன்னொன்று. நாளைய பங்குச் சந்தைக் குறியீடு ஒன்று, நம் ஊர் வெயில் ஒன்று, எங்கோ இருக்கும் ஊரின் வெயில் ஒன்று. 'மூலம்' என்றுதான் முதலில் சொல்லிப் பார்த்தேன். பின்வரிசையில் சிரித்தார்கள். மாற்றிவிட்டேன்.

ஒரே ஆள், ஒரே அளவு வாய்ப்பு, ஆனால் ஊற்று மாறினால் மனப்போக்கும் மாறுகிறது என்பதுதான் சாரம்.

6. "எங்க ஊர் வெயில் எனக்குத் தெரியும், அதனால அதுல பந்தயம் கட்டுவேன். இது அறிவு சார். இதைப் போய் மனப்போக்குன்னு சொல்றீங்களே?"

வருகிறவர்களில் கூர்மையானவர்கள் கேட்பது இது. பதிலும் அழகானது. நாளை நுங்கம்பாக்கத்தில் வெயில் 34 டிகிரியைத் தாண்டுமா என்று ஒரு பந்தயம், தாண்டாது என்று ஒரு பந்தயம். இஸ்தான்புல்லுக்கு அங்குள்ள பருவத்துக்கு ஏற்ற ஒரு எண்ணை வைத்து இதேபோல் இரண்டு. சென்னைக்காரர் "தாண்டும்" பந்தயத்தில் நுங்கம்பாக்கத்தை எடுத்தால், அங்கே தாண்டும் வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறார் என்று கொள்ளலாம். அப்படியானால் "தாண்டாது" பந்தயத்தில் அவர் இஸ்தான்புல்லைத்தானே எடுக்க வேண்டும்? அங்கேயும் நுங்கம்பாக்கத்தையே எடுத்தால், அதை எந்தக் கணிப்பாலும் விளக்க முடியாது. இரண்டு பக்கமும் ஒரே ஊர்! அவர் வெயிலைக் கணித்து எடுக்கவில்லை, ஊரைப் பார்த்து எடுத்தார்.

2011-ல் பிரான்ஸில் முகமது அப்தெல்லாவியும் சகாக்களும் செய்த சோதனை இன்னும் நுணுக்கமானது. பாரிஸ் பங்குக் குறியீடு, பாரிஸின் வெப்பநிலை, தொலைதூர நாடு ஒன்றின் வெப்பநிலை என்று மூன்று ஊற்றுகள். ஒவ்வொன்றிலும், "இதற்கு மேலே என்றாலும் கீழே என்றாலும் எனக்கு ஒன்றுதான்" என்று அந்த ஆளே சொல்லும் புள்ளியை முதலில் கண்டுபிடித்தார்கள். அதாவது அவர் மனதில் சரிபாதி எதுவோ அது. பிறகு அந்தப் பாதியை இன்னும் பாதியாக்கி, இப்படியே போனார்கள். அறிவில் உள்ள வித்தியாசம் இதில் வடிந்துவிடுகிறது. அதன் பிறகும், சமமான வாய்ப்புள்ள பந்தயத்துக்கு அவர்கள் கொடுத்த மதிப்பு ஊற்றுக்கு ஊற்று மாறியது.

7. "ரெண்டையும் பக்கத்துல வைக்காம, தெரியாத பையை மட்டும் காட்டினா?"

வித்தியாசம் நன்றாகக் குறைந்துவிடும். 1995-ல் கிரெய்க் ஃபாக்ஸும் ட்வெர்ஸ்கியும் கலிஃபோர்னியாவில் சான்பிரான்சிஸ்கோ, இஸ்தான்புல் வெப்பநிலைகளை வைத்துக் கேட்டார்கள். இரண்டையும் ஒரே ஆளிடம் கேட்டால் சான்பிரான்சிஸ்கோ பந்தயத்துக்கு அதிக விலை சொன்னார். ஒருவரிடம் இதை மட்டும், இன்னொருவரிடம் அதை மட்டும் என்று தனித்தனியே கேட்டபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. நமக்குத் தெரியாது என்பதே, தெரிந்த ஒன்று பக்கத்தில் வந்து நிற்கும்போதுதான் உறைக்கிறது. 2001-ல் சோவும் சரினும் மறுபடி பைகளை வைத்துச் சோதித்தபோது, தனியே கேட்டாலும் தயக்கம் முழுதாகப் போய்விடவில்லை. குறைந்தது.

விற்பனை தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. தெரியாத சரக்கை, தெரிந்த சரக்கு பக்கத்தில் இல்லாத நேரத்தில்தான் காட்டுவார்கள்.

8. "எங்க மாமா பாலக்காடு போறப்பெல்லாம் லாட்டரி வாங்குவார். ஆனா ஒரு சின்ன தொழில் வைக்கச் சொன்னா நடுங்குவார். இவர் என்ன ரகம்?"

தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்தார்கள், அதனால் மாமா கேரளா போகிறார். சரி. லாட்டரியின் வாய்ப்பு எண்ணிப் போட்ட பை: இத்தனை டிக்கெட், இத்தனை பரிசு. மிகச் சிறிய வாய்ப்பை மனசு பெரிதாக்கிப் பார்க்கிறது, பெரிய வாய்ப்பைச் சின்னதாக்குகிறது. இது தெரிந்த பையிலேயே நடக்கும்.

மாமாவுக்குத் தொழில் ஒரு தெரியாத பை. தெரியாத பையில் இப்படி வளைத்துப் பார்ப்பது இன்னும் கூடுகிறது. 10 நிறப் பந்துகள் உள்ள இரண்டு பைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒவ்வொரு நிறமும் சமமாக, மற்றதில் கலவை தெரியாது. ஒரே ஒரு நிறத்தின் மேல் கட்டு என்றால் பலர் தெரியாத பைக்குப் போவார்கள். "அதுல அந்த நிறம் நிறைய இருந்தாலும் இருக்கும்ல?" அந்த நிறம் வராது என்பதன் மேல் கட்டு என்றால் அதே ஆட்கள் தெரிந்த பைக்குத் திரும்புவார்கள். ஆகவே 4-ம் கேள்விக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தெரியாதது என்றால் எப்போதும் பயம் இல்லை, சின்ன வாய்ப்பில் அது ஆசையாகவும் மாறும். கொஞ்சமும் பரிச்சயம் இல்லாத விஷயத்தில் எல்லாமே "நடந்தாலும் நடக்கும், நடக்காமலும் போகும்" என்று நடுவில் வந்து சேர்ந்துவிடுகிறது. பத்தில் ஒன்றும் பத்தில் ஒன்பதும் அங்கே அண்ணன் தம்பி.

9. "லாபத்துலதான் இப்படியா? நஷ்டம்னா?"

நஷ்டத்தில் பல சோதனைகளில் இது தலைகீழ். நஷ்டப்படும் வாய்ப்பு சரிபாதி என்று தெரிந்த பையைவிட, வாய்ப்பு எவ்வளவு என்று தெரியாத பையே தேவலை என்பார்கள். பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கப் போகாமல் தள்ளிப்போடுகிறவர்களை எல்லோருக்கும் தெரியும்.

10. "எங்க அப்பா விவசாயி. மழையை நம்பி வருஷா வருஷம் விதைக்கிறார். ஆனா பயிர்க் காப்பீடுன்னா 'அது வேணாம்ப்பா'ங்கிறார். இது எந்தக் கணக்கு?"

அப்பா தனியாள் இல்லை. 2003-ல் அன்றைய ஆந்திராவின் மகபூப்நகர் மாவட்டத்தில் மழை அளவை வைத்துப் பணம் தரும் காப்பீடு தொடங்கினார்கள். கடலையும் ஆமணக்கும் விளையும் வறட்சிப் பகுதி. வயலைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். மழைமானியில் இன்ன பருவத்தில் இத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே பதிவானால் பணம். புத்தகக் கணக்குப்படி, ரிஸ்க்குக்கு அதிகம் பயப்படுகிறவர்தான் முதலில் வாங்க வேண்டும். ஜினே, டவுன்சென்ட், விக்கெரி மூவரும் ஆராய்ந்தபோது நேர்மாறாக இருந்தது: அதிகம் பயப்படுகிறவர்கள் குறைவாக வாங்கினார்கள். விற்கும் அமைப்போடு முன்பே பழக்கம் உள்ளவர்கள் அதிகம் வாங்கினார்கள். "புரியவில்லை" என்பது வாங்காதவர்கள் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று.

ஊற்று என்ற கண்ணாடியைப் போட்டுப் பாருங்கள். மழை அப்பாவுக்கு ஐம்பது வருஷப் பழக்கம். பொய்த்தாலும் அது அவருக்குத் தெரிந்த பை. காப்பீடு இரண்டாவது பை: அந்த மானி எங்கே இருக்கிறது, யார் பார்த்துக் குறிக்கிறார்கள், காகிதத்தில் சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது, பணம் எப்போது வரும்? நாம் அவரிடம் ஒரு ரிஸ்க்கைக் குறைக்கச் சொல்வதாக நினைக்கிறோம். அவர் காதில் விழுவது, பழகிய நிச்சயமின்மையின் மேல் பழகாத ஒன்றைக் காசு கொடுத்து வாங்கு என்று. அப்பாவை அறியாமை என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. மானி இருக்கும் இடத்தில் மழை கொட்டி, மூன்று மைல் தள்ளி நம் வயல் காய்வது நடக்காத கதையா என்ன? பின்னால் ஆந்திராவில் நடந்த ஓர் ஆய்வில், ஊரார் நம்பும் ஒருவர் அறிமுகப்படுத்தி வைத்தபோது விற்பனை கூடியது. மழையும் அதேதான், காகிதமும் அதேதான்.

11. "மழை ஏமாத்தினா தாங்கிக்கலாம், மனுஷன் ஏமாத்தினாத்தான் தாங்கல. இதுக்கும் ஏதாச்சும் ஆராய்ச்சி இருக்கா?"

இருக்கிறது. ஐரிஸ் போனெட், ரிச்சர்ட் செக்ஹவுசர் இருவரும் 2004-ல் வெளியிட்டது. ஒரு தொகையை நிச்சயமாக வாங்கிக்கொண்டு போகலாம், அல்லது துணிந்து பார்க்கலாம். துணிந்தால் கூடவும் கிடைக்கும், குறையவும் கிடைக்கும். ஒரு குழுவுக்கு முடிவு குலுக்கலில். இன்னொரு குழுவுக்கு எதிரில் இருக்கும் ஒரு ஆள் நேர்மையாகப் பங்கு தருவாரா மாட்டாரா என்பதில். குறைந்தது எவ்வளவு வாய்ப்பு இருந்தால் துணிவீர்கள் என்று கேட்டார்கள். தொகைகள் ஒன்றுதான். ஆனால் முடிவு மனிதர் கையில் என்றபோது அதிக வாய்ப்பு கேட்டார்கள். பிறகு பிரேசில், சீனா, ஓமன், சுவிட்சர்லாந்து, துருக்கி, அமெரிக்கா என்று ஆறு நாடுகளில் செய்தபோதும் மனிதரிடம் ஏமாறுவதன் வலி தனியாகத் தெரிந்தது.

நான் ஒருமுறை தெரிந்தவருக்கு 20,000 ரூபாய் கைமாற்று கொடுத்தேன். திரும்பவில்லை. அதற்கு அடுத்த வருஷம் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து அதைவிடப் பல மடங்கு நாசம். எந்த நஷ்டம் இன்னும் என் நாக்கு நுனியில் நிற்கிறது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். இத்தனைக்கும் தமிழில் மழையும் 'பொய்க்கும்'. ஆனால் அதன் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கத் தோன்றுவதில்லை.

12. "தெரிஞ்ச கம்பெனி ஷேரை வாங்குறதுதானே புத்திசாலித்தனம்? நீங்களே தெரியாததுல இறங்காதேன்னுதான் சொல்வீங்க."

தெரிந்த கம்பெனி என்பதற்கு என்ன அர்த்தம் என்று முதலில் என்னிடம் சொல்லுங்கள். கணக்கு வழக்கைப் படித்தீர்களா, அல்லது போகிற வழியில் தினமும் போர்டைப் பார்க்கிறீர்களா? இரண்டாவது பழக்கம், அறிவு இல்லை. மனசுக்கு இரண்டும் ஒரே இனிப்பு.

உலகம் முழுக்க இப்படித்தான். கென்னத் ஃபிரெஞ்ச், ஜேம்ஸ் போட்டெர்பா 1991-ல் கணக்கெடுத்தபோது, பங்குகளில் போட்ட பணத்தில் அமெரிக்கர்கள் சுமார் 94 சதவீதத்தையும் ஜப்பானியர்கள் 98 சதவீதத்தையும் பிரிட்டன்காரர்கள் 82 சதவீதத்தையும் சொந்த நாட்டிலேயே வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் தன் நாட்டுச் சந்தைதான் அதிகம் தரும் என்று தோன்றினால் யாரோ தப்பாக இருக்க வேண்டும். இதன் கசப்பான வடிவம் என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம். 2001-ல் அது திவாலாவதற்கு முன், ஊழியர்களின் ஓய்வூதியச் சேமிப்பில் பாதிக்கும் மேல் என்ரான் பங்குகளிலேயே இருந்தது. வேலையும் போய், சேமிப்பும் போயிற்று. அவர்களுக்கு அதைவிடத் தெரிந்த கம்பெனி எது?

13. "சுத்தி வளைக்காதீங்க. முதல் பையை எடுக்கிறது முட்டாள்தனமா, இல்லையா?"

நிச்சயமின்மையில் முரணின்றி முடிவெடுக்க 1954-ல் புள்ளியியலாளர் லியோனார்ட் சாவேஜ் வகுத்த விதிகளின்படி இது முரண்பாடு. ஏனென்றால் முதல் பையில் கறுப்பை எடுத்தால், இரண்டாவதில் கறுப்பு பாதிக்கும் குறைவு என்று நினைப்பதாகும். முதல் பையில் வெள்ளையையும் எடுத்தால் வெள்ளையும் பாதிக்கும் குறைவு. இரண்டும் பாதிக்கும் குறைவென்றால் மிச்சம் என்ன, காற்றா? ஆனால் 1974-ல் ஸ்லோவிக்கும் ட்வெர்ஸ்கியும் இரண்டு பக்க வாதத்தையும் எழுதிக் கொடுத்துப் படிக்கவைத்த பிறகும், பலர் தங்கள் தேர்வை மாற்றிக்கொள்ளவில்லை. எல்ஸ்பர்க்கும் அதை முட்டாள்தனம் என்று ஒப்புக்கொண்டதில்லை.

என் கருத்தைக் கேட்டால்: கடலை மிட்டாய்க்காக முதல் பையை எடுப்பதில் ஒரு தப்பும் இல்லை. பழகிய பைக்கு எவ்வளவு விலை அதிகம் கொடுக்கிறீர்கள் என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும். 12-ம் கேள்வியில் வந்தவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

14. "அப்ப பேங்க்ல 'நீங்கள் ரிஸ்க் எடுப்பவரா'ன்னு ஒரு ஃபாரம் தர்றாங்களே, அது வேஸ்ட்டா?"

முழுக்க வேஸ்ட் இல்லை. 30 நாடுகளில் மாணவர்களை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வில், ஒருவரின் மனப்போக்கில் ஒரு சூழலுக்கும் இன்னொன்றுக்கும் இடையே பொதுவான இழை இருப்பது தெரிந்தது. ஆனால் அது இழைதான், கயிறு இல்லை. 8-ம் கேள்வியின் மாமாவும் 10-ம் கேள்வியின் அப்பாவும் அந்த ஃபாரத்தில் எந்தக் கட்டத்தை டிக் செய்வார்கள்? எதில் ரிஸ்க் என்று கேட்காத ஃபாரம் அவர்களைப் பற்றி என்ன சொல்லிவிடும்?

15. "அதெல்லாம் இருக்கட்டும் சார், அந்தத் தெரியாத பையில உண்மையில எத்தனை கறுப்பு?"

எனக்கும் தெரியாது. என் மனைவி போட்டுக் கட்டிக் கொடுப்பார். கூட்டம் முடிந்ததும் மேஜையில் கொட்டிக் காட்டுவேன். போன மாதம் 7 கறுப்பு, 3 வெள்ளை. "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்ல, ஒழுங்கா இருக்காதுன்னு" என்று முதல் பைக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேர் சொல்லியிருந்த நிறம் கறுப்பு.